பல்லால் எண்ணிய பிள்ளை

இரண்டாம் வகுப்பில் நான் பாடம் எடுக்கத் தொடங்கி ஒன்பது நாள் ஆகியிருந்தது. பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, ஆளுக்கு நாலைந்து எண்ணாகத் தொடர்ந்து சொல்லிக்கொண்டே போகச் சொல்லியிருந்தேன். ஜன்னலோரம் இருந்த அந்தச் சிறுமியின் முறை வந்தது. எழுந்து நின்றாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னாள்.

"இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தொம்பது, இருபத்திபத்து, இருபத்திபதினொண்ணு!"

வகுப்பே சிரித்தது. அவள் கண்ணைத் திறந்து எல்லாரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, பாவாடையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. சிரிப்பு அவளுக்குப் பழக்கம் போல.

அன்று சாயங்காலம் ஷேர் ஆட்டோவில் வீட்டுக்குப் போகும்போது அந்தச் சொல் என்னை விடவில்லை. இருபத்திபத்து. அதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. அவளாகவே உண்டாக்கிய சொல். ஒன்பதுக்கு அடுத்து பத்து என்றால், இருபத்தொன்பதுக்கு அடுத்து இருபத்திபத்துதானே? நியாயமாகத்தான் யோசித்திருக்கிறாள். இப்படி யோசிக்கிற பிள்ளைக்கு நாலும் மூன்றும் ஏழு என்பது ஏன் வரவில்லை? கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்டு வந்ததுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "இன்னாம்மா, எறங்கலியா?" என்று கேட்ட பிறகுதான் இறங்கினேன்.

நான் அந்தப் பள்ளிக்கு வந்ததே எதிர்பாராமல்தான். ஆசிரியர் பயிற்சி முடித்திருந்தேன். வேலை கிடைக்கவில்லை. தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் இரும்பு வளையங்களைச் சோதித்துப் பார்க்கும் பிரிவில் சேர்ந்து, ஆறு வருஷம் ஓடிவிட்டது. பிறகு அந்தப் பிரிவையே வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். அதே மாதத்தில் இங்கே தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சர் பிரசவ விடுப்பில் போனார். அவர் திரும்பி வரும்வரை பாடம் எடுக்க முடியுமா என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் இருந்த ஒருவர் கேட்டார். மறுநாளே போய் நின்றேன்.

தலைமை ஆசிரியை நல்ல மனுஷி. ஐந்து வகுப்பையும் மூன்று பேரை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். கையில் எப்போதும் போன் இருக்கும். வருகைப் பதிவு, முட்டைக் கணக்கு, புத்தகக் கணக்கு என்று ஏதாவது ஒன்றை அதில் ஏற்றிக்கொண்டே பேசுவார். முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டார்.

"இருபத்திரண்டு பேர் டீச்சர். பதினாறு பேர் தானா ஓடிடுவாங்க. மீதி ஆறு பேருக்குத்தான் கணக்கு ஏறல. ரொம்பப் போட்டு இழுக்காதீங்க, எழுத்தாவது அழகா எழுதட்டும்." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஜன்னலோரம் இருக்கிற பொண்ணுகிட்ட எதுவும் எதிர்பார்க்காதீங்க. போன வருஷம் ஓரளவு சொல்லிக்கினு இருந்தா. இந்த வருஷம் அதுவும் போச்சு" என்றார்.

எல்லாரும் முன்னே போகிற வயதில் இந்தப் பிள்ளை மட்டும் எப்படிப் பின்னால் போனாள்? அது எனக்குப் புரியவே இல்லை.

மறுநாள் சத்துணவு சமைக்கும் அக்காவிடம் போய் ஒரு டப்பா புளியங்கொட்டை வாங்கினேன். மத்தியான இடைவேளையில் அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, "எனக்கு ஏழு கொட்டை எடுத்துக் குடு" என்றேன். கை நிறைய அள்ளிக் கொடுத்தாள். "எண்ணிப் பாரேன்." எண்ணினாள். ஒன்பது வந்தது. "இன்னொரு தடவை?" எண்ணினாள். எட்டு வந்தது. ஒரே குவியல் ஒருமுறை ஒன்பதாகவும் மறுமுறை எட்டாகவும் இருப்பதில் அவளுக்கு ஆச்சரியமே இல்லை. வானம் காலையில் ஒரு நிறம், சாயங்காலம் ஒரு நிறம் என்பது போல ஏற்றுக்கொண்டாள்.

நான் கவனித்த ஒன்று, எண்ணும்போது அவள் கொட்டையைத் தொடவே இல்லை. கை இரண்டும் பின்னால் இருந்தன. கண்ணால் மட்டும் பார்த்தாள். கன்னம் மட்டும் லேசாக அசைந்துகொண்டிருந்தது.

"வாயில இன்னா? மிட்டாயா?"

இல்லை என்று தலையாட்டினாள். அடுத்த நாள் கரும்பலகைக் கணக்குக்கு எழுப்பியபோதும் கன்னம் அசைந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "துப்பு முதல்ல" என்றேன். துப்புவதற்கு ஒன்றும் இல்லாமல் வாயை ஆவென்று திறந்து காட்டினாள். மேலே முன்பல் இரண்டு இல்லை. கீழே இரண்டு இல்லை; அந்த இடத்தில் ஒன்று அரிசி முனை மாதிரி முளைத்திருந்தது. மிட்டாய் கிடையாது. இரண்டு நாளாக ஒரு பிள்ளையைக் காரணமில்லாமல் அதட்டியிருக்கிறேன்.

இடைவேளையில் அவளைக் குழாயடிக்குக் கூட்டிப்போனேன். தண்ணீர் குடிக்க வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டேன். "கணக்குப் போடச் சொன்னா வாய்க்குள்ள இன்னாடா பண்ற? டீச்சர் திட்ட மாட்டேன்."

சுற்றிலும் பார்த்தாள். என் காதுக்குப் பக்கத்தில் வந்தாள். "பல்லு எண்றேன் டீச்சர்."

"பல்லா?"

"நாக்கால. ஒரு பல்லு, ரெண்டு பல்லுன்னு தொட்டுக்கினே போவேன். வெரல எண்ணுனா அம்மா அடிக்கும். பல்லு எண்ணுனா தெரியாது."

நாலும் மூன்றும் எவ்வளவு என்றால் நாக்கு நாலு பல்லைத் தொட்டு, அங்கிருந்து இன்னும் மூன்றைத் தொட்டு, மறுபடி முதலிலிருந்து எல்லாவற்றையும் தொட்டு வர வேண்டும். அத்தனையும் வாயை மூடிக்கொண்டு, யாருக்கும் தெரியாமல்! ஆறு வயதில் தனக்கென்று ஒரு மணிச்சட்டத்தை வாய்க்குள்ளேயே செய்துவைத்திருக்கிறாள் இந்தப் பிள்ளை.

"அப்போ ஏன் இப்போ தப்பு வருது?"

முகம் சுண்டிவிட்டது. "பல்லு வுழுந்துடுச்சி டீச்சர். ஓட்டைய எண்ணணுமா வாணாவான்னு தெர்ல. பின்னாடி வேற புச்சா ஒண்ணு வந்துக்குது."

அந்த இடத்திலேயே அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினேன். அவள் பயந்துபோய் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். போன வருஷம் தெரிந்தது இந்த வருஷம் ஏன் தெரியாமல் போனது என்று இப்போது புரிந்துவிட்டது! பிள்ளை மக்கு இல்லை. அவள் கருவியில் நாலு பாகம் உதிர்ந்திருந்தது, பின்னால் புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது. அவ்வளவுதான்.

ஓடிப்போய்த் தலைமை ஆசிரியையிடம் சொன்னேன். அவர் போனைக் கீழே வைத்துவிட்டு, தன் வாய்க்குள்ளேயே நாக்கைச் சுழற்றிப் பார்த்தார். "அட ஆமா, எண்ண முடியுதே" என்றார். பிறகு இருவரும் போனில் தேடினோம். பால்பல் மேலே பத்து, கீழே பத்து என்று இருந்தது. சரியாகப் பத்து! வேறு எந்தப் பொருளைத் தேடினாலும் அவளுக்கு அதைவிட நல்லது கிடைத்திருக்காது.

விரலை எப்படி அவளிடம் திருப்பிக் கொடுப்பது என்பதுதான் முதல் வேலை. "நம்ம கிளாஸ்ல விரல எண்ணலாம், டீச்சரும் எண்ணுவேன்" என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னேன். கரும்பலகைக்கு முன்னால் நின்று நானே விரல் மடக்கிக் கணக்குப் போட்டேன். மூன்று நாள் அவள் கையை வெளியே எடுக்கவில்லை. நாலாம் நாள் டெஸ்க்குக்குக் கீழே இருந்து ஒரு கை வந்தது. வெள்ளிக்கிழமை இரண்டு கையும் வந்துவிட்டன.

ஆனால் விரல் மட்டும் போதவில்லை. எட்டும் ஐந்தும் என்றால் விரல் தீர்ந்துபோகும். அவள் குழம்பி மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவாள். மற்ற ஐந்து பேரும் அப்படித்தான். எல்லாவற்றையும் ஒன்றிலிருந்தே எண்ணினார்கள். ஐந்து கொட்டை கண்ணெதிரே இருந்தாலும் ஐந்து என்று தெரியாது. ஒன்று, இரண்டு என்று போனால்தான் ஐந்து வரும்.

ஒரு நாள் சமையல் அக்கா முட்டையை அவிக்க எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். அட்டையில் இரண்டு குழி காலியாக இருந்தது. வாசலில் நின்றபடியே, "இருபத்தெட்டுதான் இருக்கு அக்கா" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. நான் எண்ணவே இல்லையே! எப்படித் தெரிந்தது?

கம்பெனியில் ஆறு வருஷமும் அப்படித்தான் வேலை பார்த்தேன். வளையங்கள் பத்துக் குழி உள்ள தட்டில் வரும். ஐந்து ஐந்தாக இரண்டு வரிசை. நாங்கள் யாரும் எண்ண மாட்டோம். தட்டு வரும்போதே எட்டா, ஒன்பதா, நிறைந்ததா என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். காலிக் குழிதான் சொல்லும். அங்கே நான் பார்த்த வேலைக்கும் இங்கே பார்க்கிற வேலைக்கும் சம்பந்தமே இல்லை என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, அந்த அட்டைய எனக்குக் குடுங்க!"

"இன்னாத்துக்கு? நான் கொசுவுக்குக் கொளுத்த வச்சிக்கினுகீறேன்."

"இனிமே கொளுத்தாதீங்க. எல்லாம் எனக்கு வேணும்."

முப்பது குழி அட்டையைக் கத்தரிக்கோலால் மூன்றாக வெட்டினேன். ஒவ்வொரு துண்டிலும் ஐந்து ஐந்தாக இரண்டு வரிசை. சரியாகப் பத்துக் குழி. பிள்ளைகளிடம் ஆளுக்கொன்று கொடுத்து, மேல்வரிசையை முதலில் நிரப்பு, பிறகு கீழ்வரிசை என்று மட்டும் சொன்னேன்.

முதலில் விளையாட்டாகத்தான் போனது. தட்டில் கொட்டை வைத்துத் துணியால் மூடுவேன். ஒரு நொடி திறந்து காட்டிவிட்டு மறுபடி மூடுவேன். "எத்தினி?" என்று கேட்பேன். எண்ணுவதற்கு நேரம் கொடுக்க மாட்டேன். முதல் நாள் கூச்சலும் ஊகமும்தான். இரண்டாம் வாரம் ஜன்னலோரப் பிள்ளை கத்தினாள். "ஒம்பது! ஒரே ஒரு ஓட்டதான் இருந்துச்சி!"

"ஓட்டைய எண்ணணுமா, வேணாமா?" என்று கேட்டேன்.

"எண்ணக் கூடாது டீச்சர். எண்ணக் கூடாது, ஆனா பாக்கணும்."

இதைவிட நன்றாக எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்க மாட்டார்கள் என்று தோன்றியது. அதை அப்படியே என் பாடக்குறிப்பில் எழுதிவைத்தேன்.

அந்த வாரமே அவளிடம் மூன்று தட்டு கொடுத்து இருபத்தொன்பது வைக்கச் சொன்னேன். இரண்டு தட்டு நிறைந்தது, மூன்றாவதில் ஒரு குழி காலி. "இன்னொண்ணு வை." வைத்தாள். "இப்போ எத்தினி?" வழக்கம்போல, "இருபத்திபத்..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நின்றாள். தட்டுகளைப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று தட்டுகளை விரலால் தொட்டாள்.

"மூணு ரொம்பிச்சி... மூணு பத்து... முப்பது! டீச்சர், இதுதான் முப்பதா?"

முப்பது என்ற சொல்லை அவள் நூறு முறை ஒப்பித்திருப்பாள். அதை அன்றுதான் பார்த்தாள். மூ பத்து, முப்பது என்று நானும் ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். எனக்குமே அந்தச் சொல்லுக்குள் மூன்று பத்து இருப்பது அன்றுதான் காதில் விழுந்தது. அதன்பிறகு பிள்ளைகள் நாற்பது, ஐம்பது, அறுபது என்று ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்துக் கூத்தடித்தார்கள். தொண்ணூறுக்கு வந்ததும் மாட்டிக்கொண்டார்கள். "ஒம்போது பத்துக்கு ஏன் டீச்சர் நூறுன்னு பேரு வச்சாங்க? பேஜாரா இருக்குது" என்றது ஒரு பிள்ளை. எனக்கும் தெரியவில்லை என்றே சொன்னேன்.

சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பிள்ளையின் அம்மா வந்தார். காலை ஷிப்டு முடிந்து கம்பெனிச் சட்டையோடு, தலையில் வலைத்தொப்பியைக்கூடக் கழற்றாமல் நேராக வகுப்பு வாசலுக்கு வந்து நின்றார்.

"இன்னா டீச்சர், வெரல் வுட்டு எண்ணச் சொல்றீங்களாமே? ஊட்ல ஒக்காந்துக்கினு பத்து வெரலையும் நீட்டிக்கினு எண்ணுது. கேட்டா டீச்சர் சொல்லிச்சின்னுது. இதுக்கா ஸ்கூலுக்கு அனுப்புறோம்?"

அவரை உள்ளே உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. பிள்ளை அம்மாவைப் பார்த்ததும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"ஏம்மா, விரல எண்ணுனா தப்புன்னு ஏன் நினைக்கிறீங்க?"

கோபமாக ஏதோ சொல்ல வந்தவர் சட்டென்று குரலை இறக்கிவிட்டார். "நான் எட்டாங்கிளாஸ் வரிக்கும் வெரல் வுட்டுத்தான் டீச்சர் எண்ணிக்கினு இருந்தேன். கிளாஸ்ல எல்லாம் சிரிப்பாங்க. அந்த அசிங்கத்துலயே நின்னுட்டேன். இதுவும் என்ன மாரி ஆவக் கூடாதுன்னுதான் அடிச்சேன். ஆசையாவா அடிச்சேன்?"

நான் அவருக்குப் பல் விஷயத்தைச் சொன்னேன். அடிக்குப் பயந்து பிள்ளை நாக்கால் எண்ணியது, பல் விழுந்ததும் திணறியது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மகளைக் கூப்பிட்டு, "வாயத் தெற" என்றார். தாடையைப் பிடித்து உள்ளே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வலைத்தொப்பியைக் கழற்றி அதால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்கிட்ட சொல்லக் கூடாதாடி?" என்றார்.

"சொன்னா பல்லையும் எண்ணக் கூடாதுன்னுவ" என்றாள் மகள்.

அவருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டது. அப்புறம்தான் உட்கார்ந்தார். நான் முட்டைத் தட்டை எடுத்து, கொட்டை வைத்து, துணியை ஒரு நொடி விலக்கிக் காட்டினேன்.

"ஏழு" என்றார் உடனே.

இன்னொன்று காட்டினேன். "எட்டு." இன்னொன்று. "ஆறு. இது இன்னா டீச்சர் பெரிய விஷயம்? எங்க கம்பெனியில கேக்கு அடுக்குறது இப்டித்தான். பத்துக் குழி பிளாஸ்டிக் தட்டு. கொறஞ்சா கண்ணுக்கே தெரியுமே, யாரு எண்ணிக்கினு இருப்பாங்க?"

"நீங்க இப்போ எண்ணவே இல்லம்மா. ஆனா மூணு தடவையும் சரியாச் சொன்னீங்க. கணக்கு வராதுன்னு யாரு சொன்னது உங்களுக்கு?"

மகள் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்கம்மா ஃபர்ஸ்ட்டு!" என்று வகுப்புக்கே கேட்கக் கத்தினாள்.

அடுத்த திங்கட்கிழமை காலையில் வாசலில் ஒரு பெரிய சாக்கு. உள்ளே கறுப்புப் பிளாஸ்டிக் தட்டுகள், ஒவ்வொன்றிலும் பத்துக் குழி. "ஓரம் நெளிஞ்சது டீச்சர், கழிவுல போறது. சூப்பர்வைசர் மேடத்துகிட்ட எழுதிக் கேட்டு வாங்கிக்கினேன். இன்னும் வரும்" என்று சொல்லிவிட்டு, கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

ஆறு பேருக்கும் ஒரே மருந்து என்று நான் நினைத்தது தப்பு. அதில் ஒரு பிள்ளை எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து அந்த வருஷம்தான் வந்திருந்தது, வீட்டில் தெலுங்கு. ஒரு நாள் மணி அடிக்கப் போகும் நேரம். "கணக்கு நோட்டை மூடு" என்றேன். எல்லாரும் மூடினார்கள். அந்தப் பிள்ளை மட்டும் மூன்று விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றது. மறுபடி, "மூடுடா" என்றேன். மூன்று விரலை இன்னும் உயரத் தூக்கியது. அந்தப் பக்கம் வந்த தலைமை ஆசிரியை வாசலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "டீச்சர், தெலுங்குல மூடுன்னா மூணு!"

அன்றிலிருந்து காலையில் இரண்டு மொழியிலும் எண்ணினோம். ஒகட்டி, ரெண்டு, மூடு என்று அந்தப் பிள்ளை முன்னால் நின்று சொல்ல, நாங்கள் பின்னால் சொன்னோம். தலைமை ஆசிரியையும் வந்து சேர்ந்துகொள்வார். தெலுங்கில் தட்டு நிரப்பிய அந்தப் பிள்ளை ஒரு மாதத்தில் தமிழிலும் நிரப்பியது. அதற்குக் கணக்கு எப்போதும் தெரிந்துதான் இருந்தது. நாங்கள்தான் அதற்குப் புரியாத சொல்லில் கேட்டுக்கொண்டிருந்தோம்.

பருவ முடிவில் வட்டார வளமையத்திலிருந்து ஆசிரியர் பயிற்றுநர் ஒருவர் வந்தார். ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டு, போனில் குறித்துக்கொண்டார். தட்டு, கொட்டை எதுவும் மேஜைமேல் இருக்கக் கூடாது. ஜன்னலோரப் பிள்ளையின் முறை வந்தபோது நான் வகுப்பின் மறுமூலையில் நோட்டுத் திருத்துகிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஒரு நோட்டையும் திருத்தவில்லை.

"எட்டும் அஞ்சும் எவ்வளவும்மா?"

அவள் கையை எடுக்கவில்லை. கன்னம் அசைகிறதா என்று பார்த்தேன். அசையவில்லை. உத்தரத்தைப் பார்த்தாள். "பதிமூணு."

"எப்படிச் சொன்ன?"

"எட்டு வச்சா தட்டுல ரெண்டு ஓட்ட இருக்கும் சார். அஞ்சுலேர்ந்து ரெண்ட எடுத்து அதுல போட்டுட்டா ரொம்பிடும். மீதி மூணு வெளிய இருக்கும். பத்து, மூணு. பதிமூணு."

அவர் போனை மேஜைமேல் வைத்துவிட்டார். "இன்னொரு தடவ சொல்லும்மா, மெதுவா" என்று பையிலிருந்து காகிதத்தை எடுத்து எழுதிக்கொண்டார். பிறகு அவரே வேறு கணக்குகள் கேட்டார். ஒன்பதும் ஆறும். ஏழும் ஏழும். பட்டியலில் இல்லாததெல்லாம் கேட்டார். அவள் ஒன்றைத் தப்பாகச் சொன்னாள்; உடனே, "இரு சார், இரு சார்" என்று அவரை நிறுத்தி, தானே திருத்திச் சொன்னாள். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது. ஒரு குவியல் எட்டாகவும் இருக்கலாம் ஒன்பதாகவும் இருக்கலாம் என்று இருந்த பிள்ளை, இப்போது ஒரு விடைதான் சரி என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஆறு பேரில் நாலு பேர் நன்றாகச் செய்தார்கள். ஒருவர் பாதி. ஒரு பிள்ளை இன்னும் ஐந்தைத் தாண்டவில்லை. அந்தப் பிள்ளைக்குக் காதும் கண்ணும் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தோம். எதனால் என்று எனக்கு இன்னும் தெரியாது. பல் விஷயம் தெரியக் கொஞ்ச நாள் ஆனது. இது தெரியவும் ஆகலாம்.

ஒரு நாள் மத்தியானம் ஜன்னலோரப் பிள்ளை கேட்டாள். "டீச்சர், ஆயிரம் எவ்ளோ பெருசு? இந்த ரூம் அளவுக்கு இருக்குமா?"

எனக்கும் தெரியவில்லை! ஆயிரம் என்ற எண்ணை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். ஆயிரம் பொருளை ஒன்றாக வைத்து ஒருமுறையும் பார்த்ததில்லை. "பார்த்துடலாமா?" என்றேன். இருபத்திரண்டு பேரும் எழுந்து நின்று கத்தினார்கள்.

அதற்குள் அந்த அம்மா கொண்டுவந்த தட்டுகள் நூற்றைத் தாண்டியிருந்தன. கொட்டைதான் வேண்டும். பிள்ளைகள் வீட்டு வீடாகப் போய்ப் புளியங்கொட்டை கேட்டார்கள். ஊரில் அந்த வாரம் யாரும் ஒரு கொட்டையைக்கூடத் தூக்கிப்போட முடியவில்லை. சமையல் அக்கா, "என் சட்டியக்கூட வுட மாட்டன்றாங்களே" என்று புலம்பிக்கொண்டே இரண்டு டப்பா நிரப்பிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை வராந்தாவின் ஒரு கோடியிலிருந்து தட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக நீளவாக்கில் அடுக்க ஆரம்பித்தோம். பத்துத் தட்டுக்கு ஒரு சுண்ணக்கட்டிக் கோடு. நூறு. அடுத்த கோடு. இருநூறு. மூன்றாம் வகுப்பு வாசலைத் தாண்டும்போது அந்த வகுப்பே வெளியே வந்துவிட்டது. அறுநூறுக்கு நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் வந்தன. எழுநூறோடு வராந்தா முடிந்துபோனது. படியிறங்கி மண்ணில் வைத்தோம். கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் போய் நூறாவது தட்டு நின்றது.

மதியச் சாப்பாட்டு மணி அடித்தது. யாரும் நகரவில்லை. சமையல் அக்கா கரண்டியோடு வந்து, "சோறு ஆறிக்கினுகீது, யாரும் வர்லியா?" என்று கத்தியவர், தட்டு வரிசையைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். "இதான் ஆயிரமா?" என்றார்.

"இல்ல!" என்று கொடிக்கம்பத்துப் பக்கமிருந்து ஒரு குரல். ஜன்னலோரப் பிள்ளைதான். அடுக்கும்போதே பார்த்துவைத்திருந்தாள் போல. வரிசை ஓரமாகவே ஓடிவந்தாள். படியேறினாள், இரண்டாவது வாசலைத் தாண்டினாள், நின்று விரலை நீட்டினாள். "இங்க ஒரு ஓட்ட இருக்குது. இது ஆயிரம் இல்ல, தொள்ளாயிரத்து... தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது!"

அத்தனை பெரிய எண்ணை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. சமையல் அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்து, அதிலிருந்து ஒரு கொட்டையை எடுத்து நீட்டினார். "நானும் ஒண்ணு வச்சிருந்தேன். யாராவது கேப்பீங்கன்னு பாத்தேன்." அவரையே வைக்கச் சொன்னோம். குனிந்து வைத்தார். பள்ளிக்கூடம் மொத்தமும் போட்ட சத்தத்தில், ரோட்டில் போன கம்பெனி பஸ் ஒன்று வேகம் குறைந்தது. ஜன்னலில் எல்லாம் தலைகள்.

பிரசவ விடுப்பில் போன டீச்சர் அடுத்த மாதம் திரும்பி வந்தார். என் வேலை முடிந்தது என்று தட்டுகளை எல்லாம் அடுக்கிக் கட்டிவைத்தேன். தலைமை ஆசிரியை கூப்பிட்டு, "மேலாண்மைக் குழுவுல பேசிட்டேன். நீங்க ஒண்ணாம் வகுப்ப எடுத்துக்குங்க, அங்கதான் இதெல்லாம் ஆரம்பிக்குது" என்றார்.

இப்போது ஒன்றாம் வகுப்பில் இருக்கிறேன். நேற்று ஒரு பிள்ளையைப் பன்னிரண்டு எழுதச் சொன்னேன். சிலேட்டில் ஒன்று, பூஜ்யம், இரண்டு என்று எழுதி, "பத்து, அப்புறம் ரெண்டு, கரெக்டா டீச்சர்?" என்று நிமிர்ந்து பார்த்தது. இன்னொரு இருபத்திபத்து! எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சிலேட்டைத் தூக்கிக்கொண்டு தலைமை ஆசிரியையின் அறைக்கு ஓடினேன்.